நீ இல்லாமல் ஓடிய ஞாயிற்றுக்கிழமை

தம்பி,

இதை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவாய். சாப்பிடும்போது சொல்லலாம் என்றால், ஒரு கை சோற்றில் இருக்கிறது, இன்னொரு கை போனில் இருக்கிறது. நான் பேசுவது சட்டியில் இருக்கும் குழம்புக்குத்தான் கேட்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு யாராவது எடுத்துப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. ரந்தாவிலிருந்து நீலாய் வரைக்கும் சின்னதாகத் தொழில் நடத்துகிற நம்மவர் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் உன்னை மாதிரி ஒருவன், தான் நகர்ந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டு சாப்பாட்டை ஆறவிட்டுக்கொண்டிருக்கிறான்.

உன் கல்யாணம் நெருங்கிவிட்டது. நேற்று தர்ஷினி எனக்குப் போன் செய்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அத்தை, அவருக்கு ரெண்டு நாள்தான் லீவுன்னு சொல்றாரு. சொந்த கம்பெனிதானே அத்தை, யாருகிட்ட லீவு கேக்கணும்?" நான் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. இன்று காலை தொழிற்சாலைக்குப் போனால், அலுவலகத்தையும் சரக்கு அனுப்புவதையும் பார்த்துக்கொள்கிற மலாய்க்கார அக்கா, காக் ரோஸ், இன்னொரு செய்தி வைத்திருந்தாள். நீ தொழிற்சாலைக் கணினி சிஸ்டத்தில் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறாயாம். ஆலைகளுக்கென்று நாம் செய்து எடுத்து வைத்த ரப்பர் வளையம் எதுவும் இனி உன் அனுமதி இல்லாமல் வெளியே போகாது. நீ எங்கே இருந்தாலும் உன் போனில் 'சரி' என்று அழுத்தினால்தான் லோரி கிளம்பும். கல்யாண நாளும் அதில் அடக்கம். தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் வருவாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். 'சரி' அழுத்தவும் யாரையாவது ஏற்பாடு செய்திருக்கிறாயா?

ஏன் பூட்டினாய் என்று எனக்குத் தெரியும். சி ரூசாவில் தர்ஷினி வீட்டில் பரிசம் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், வேனில் என் காதருகே குனிந்து கேட்டாயே, "அப்போ நான் எதுக்குமா?" என்று. வேன் நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். நான் காது கேளாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. ஆனால் நேராக வரமாட்டேன், சுற்றித்தான் வருவேன். இத்தனை வருடமாக என்னோடு இருக்கிறாய், என் வழி உனக்குத் தெரியும்.

உன் அப்பா தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் பிட்டராக இருந்தவர். குலைகளை நீராவியில் வேகவைக்கிற பெரிய இரும்புக் கலத்தின் கதவில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது கிழிந்தால் நீராவி சீறிக்கொண்டு வெளியே வரும். கலத்தை நிறுத்த வேண்டும். கலம் நின்றால் அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாம் நிற்கும். வெட்டிப்போட்ட குலை அதற்காகக் காத்திருக்காது, எண்ணெய் கெட ஆரம்பித்துவிடும். வளையம் எங்கிருந்தோ வந்து சேரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்று அலுத்துப்போய்த்தான் அவர் வேலையை விட்டுவிட்டு, அந்த வளையங்களைச் செய்ய ரந்தாவில் பட்டறை போட்டார். தோட்டத்தை விட்டாரே தவிர தோட்டத்துப் பழக்கத்தை விடவில்லை. காலையில் பெரட்டு எடுப்பார். எல்லாரும் பட்டறை வாசலில் நிற்க வேண்டும். இன்றைக்கு யார் கலவை போடுவது, யார் அச்சில் நிற்பது என்று வாயாலேயே பிரித்துக் கொடுப்பார். எந்த ஆலைக்கு எந்த அளவு, எந்த ஆலை எப்போது பழுது பார்க்க நிறுத்துவார்கள், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது.

அவருடைய இன்னொரு பழக்கமும் உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு வளையத்தைச் செய்து, சாக்கட்டியால் பெயர் எழுதி, தனியாக எடுத்து வைத்துவிடுவார். ஆர்டர் வந்திருக்காது, யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வேறு ஒருவர் கையில் காசோடு வந்து நின்றாலும் அதைத் தொடவிடமாட்டார். "அது நம்முது இல்லடி, அவங்களுது. நம்ம எடத்துல இருக்கு, அவ்ளோதான்" என்பார். ஆலை நின்றால் என்னாகும் என்று உள்ளேயிருந்து பார்த்தவர் அல்லவா. அதனால்தான் நம்மைத் தேடி வந்த ஆலைகள் நம்மை விட்டுப் போகவில்லை.

உனக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு கிடைத்த வருடம், தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் உன் பெயரைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் அப்பாவுக்குப் போன் வந்தது. என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். நீ அழுவாய் என்று நினைத்தேன். நீயோ கோப்பையைத் தூக்கிக்கொண்டு கூட்டாளிகளிடம் ஓடி, "எங்கப்பா போவலன்னா மில்லே ஓடாது, தெரியுமா!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாய். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை கோயில் திருவிழா! பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்து இடம் பிடித்துவிட்டு, கடைசியில் கைப்பையோடேயே பந்தியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அவர் நல்ல மனிதர். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவரோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு ஆசையாக இருக்கும்.

பிறகு அவர் திடீரென்று போய்விட்டார். கருமாதி முடிவதற்குள்ளேயே போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் துக்கம் விசாரிப்பார்கள், அப்புறம் தயங்கித் தயங்கி, "அந்த வளையம் இருக்கான்னு பாக்க முடியுமா?" என்பார்கள். நீ பாலிடெக்னிக் முடித்து வந்து நின்ற நேரம் அது. மொட்டைத் தலையோடு ஸ்டோருக்குள் போய் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சாக்கட்டி எழுத்து பாதி அழிந்திருந்தது. ஒவ்வொரு ஆலைக்கும் போன் போட்டு, "அங்கிள், அப்பா உங்களுக்கு எந்த சைஸ் குடுப்பாரு?" என்று பிச்சை கேட்கிற மாதிரி கேட்டாய். தப்பான கலவையில் வளையம் செய்து, அது நீராவியில் பிய்ந்து, திட்டு வாங்கினாய். அந்த நாட்களில் நீ ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அப்பாவுக்காக உட்கார்ந்து அழக்கூட உனக்கு நேரம் கொடுக்கவில்லை இந்தத் தொழில். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு உன் தலைக்குள் ஏற்றிக்கொண்டாய். எல்லாரும் அப்படியே அப்பாவைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்று உன்னை மெச்சினார்கள். நான் மட்டும் அந்தப் பாராட்டில் சேர்ந்துகொள்ளவில்லை.

அதனால்தான் சிஸ்டம் வைக்கலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கல்யாணத்துக்கு முன்பே தோட்டத்திலிருந்து பேக்டரி பஸ் ஏறி, நீலாய் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைக்குப் போக ஆரம்பித்தவள் நான். லைனில் உட்கார்ந்து ஆரம்பித்து, ஸ்டோருக்குப் போய், கடைசியில் பொருள் திட்டமிடும் பிரிவில் ஓய்வு பெற்றேன். அங்கே இ.ஆர்.பி. என்கிற மென்பொருளோடுதான் எனக்குச் சோறும் தண்ணியும். நமக்கு விற்க வந்தவர் கொடுத்த காகிதத்தில் அதற்கு 'நிறுவன வளத் திட்டமிடல்' என்று போட்டிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அச்சில் ஒரு வளையம் வெந்துவிடும். ஆனால் அது செய்கிற வேலை வீட்டில் சமைக்கிற எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். விருந்தாளி வருகிறார்கள் என்றால் என்ன சமைப்பது, அலமாரியில் என்ன இருக்கிறது, எது வாங்க வேண்டும், எந்த அடுப்பு காலி, எத்தனை மணிக்குப் பரிமாறலாம் என்று ஒன்றன் பின் ஒன்றாக யோசிப்போம் இல்லையா? ஆர்டர் வந்ததும் அது அப்படி யோசிக்கும். யோசித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் ஸ்டோருக்கும் அச்சுக்கும் லோரிக்கும் கணக்குக்கும் ஒரே நேரத்தில் காட்டும்.

நீ சிரித்தாய். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குமா. நம்ம இடத்துக்கு எதுக்கு? எல்லாம் என் தலையில இருக்குலா" என்றாய். தலையைத் தட்டிக் காட்டினாய் வேறு. எனக்கு உன்மேல் கோபமே வராது, அன்றைக்கு வந்தது. உன் அப்பாவும் அப்படித்தான் தட்டிக் காட்டுவார்.

வைத்த புதிதில் அது நம்மைப் பார்த்துப் பல்லைக் காட்டியது உண்மைதான். ஒரு அளவு வளையம் கையில் இல்லை என்று காட்டும், கலவை போடச் சொல்லும். போட்டு வைத்தால் அச்சு வேறு வேலையில் இருக்கும். கலவை கிடந்து கிடந்து இறுகி, குப்பைக்குப் போகும். "உன் சிஸ்டத்த நம்பினா இப்படித்தான்மா" என்று நீ எல்லார் முன்னாலும் சொன்னாய். அந்தத் தீபாவளிக்கு மூடும்போது, மூலை முடுக்கெல்லாம் திறந்து பார்ப்போம் என்றேன். ஞாபகமிருக்கிறதா? ஸ்டோர் பார்க்கிற மணியம் மாமா தன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கு வளையத்தை இழுத்தார். அச்சில் நிற்பவர்கள் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தார்கள். முருகன் படத்துக்குக் கீழே இருக்கிற அலமாரியில், விபூதிக்கும் கற்பூரத்துக்கும் பக்கத்தில், துணி சுற்றி வைத்திருந்தது ஒரு கட்டு. "சாமி பாத்துக்குவாருன்னு வச்சேன்க்கா" என்றார் மணியம் மாமா. கடைசியில் உன் காரின் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். நீ தலையைச் சொறிந்தாய். அங்கேயும் இருந்தது.

ஒருவரும் திருடவில்லை. அப்பாவிடம் கற்றுக்கொண்ட நல்ல பழக்கத்தை ஆளாளுக்குச் செய்திருக்கிறீர்கள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். ஒரே ஆலைக்கு நீயும் எடுத்து வைத்திருக்கிறாய், மணியம் மாமாவும் எடுத்து வைத்திருக்கிறார், அச்சுக்காரர்களும் எடுத்து வைத்திருக்கிறார்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று சிஸ்டத்துக்குச் சொல்லும்போது மட்டும் யாரும் அதைச் சேர்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், "அது மில்லுக்காரனோடதுலா, நம்ம சரக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்டீர்கள். நாம் சொன்னதைத்தானே அது நம்பும், பாவம்.

அன்றைக்கு நான் அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த ஊரில் வேறு எந்தத் தொழிற்சாலையிலும் இல்லாத மரியாதை அது. எடுத்து வைத்த ஒவ்வொன்றையும் அந்தந்த ஆலையின் பெயரிலேயே சிஸ்டத்தில் ஒதுக்கி வைத்தோம். அதற்கப்புறம்தான் எல்லாம் சீராக ஓட ஆரம்பித்தது. வாங்க வேண்டியதை மட்டும் வாங்கினோம். கலவை வீணாவது நின்றது. ஒரு வளையம் பிய்ந்தது என்று ஆலையிலிருந்து சொன்னால், எந்தக் கலவையில் வந்தது, அதே கலவையில் செய்த மற்றது எங்கே போயிருக்கிறது என்று பார்த்து, அவர்கள் கேட்பதற்கு முன்பே மாற்றிக் கொடுத்தோம். தேதி சொன்னால் அந்தத் தேதிக்குச் சரக்கு போகிறது. இதையெல்லாம் நீயே வாய் நிறைய மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாய், பரிசம் போடுகிற வரைக்கும்.

பரிசம் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நீ துண்டுக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததை தர்ஷினியின் அப்பா கவனித்துவிட்டார். அதனால்தான் பிடுங்கி என் கைப்பையில் போட்டேன். நம் ஆட்கள் எல்லாரும் சி ரூசாவில் பந்தியில் இருந்தார்கள், மணியம் மாமா உட்பட. தொழிற்சாலையில் காக் ரோசும் ஓவர்டைம் வந்த சில பேரும்தான். சரியாகத் தட்டு மாற்றும் நேரத்தில் போன் துடித்தது. சமையலறைப் பக்கம் போய் எடுத்தேன். ரந்தாவுக்கு அந்தப் பக்கத்து ஆலையின் பொறியாளர். "பாஸ் இல்லையாக்கா? கதவுல ஸ்டீம் அடிக்குதுக்கா. போட்டிருந்த புது வளையமும் போச்சு. குலையெல்லாம் வெளிய நிக்குது." அவர்களுக்கு எடுத்து வைத்திருந்ததை முந்தைய வாரம்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். உன்னைக் கூப்பிட்டிருந்தால் நீ எழுந்து போயிருப்பாய். உன் அப்பாவின் மகன்தானே. அலுவலகத்துக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

காக் ரோஸ் திரையைப் பார்த்திருக்கிறாள். அதே அளவில் வேறு ஓர் ஆலைக்கு ஒதுக்கியது ஒன்று இருந்தது. அந்த ஆலை பழுதுக்கு நிறுத்தப்போவது எப்போது, அதற்குள் புதிது ஒன்று செய்ய அச்சும் கலவையும் இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்தது. இருந்தாலும் அவர்களுக்குப் போன் செய்து, "உங்களுடையதை அவர்களுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டுதான் எடுத்திருக்கிறாள். பாயசம் வருவதற்குள் எனக்குப் போன் வந்தது. "லோரி சூடா ஜாலான், ஆன்ட்டி." லோரி கிளம்பிவிட்டதாம். நான் இரண்டாவது கிண்ணம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வேனில் ஏறியதும் போனைக் கொடுத்தேன். "ஒரு போன்கூட வரலயாமா?" என்றாய். "வந்துச்சு. முடிஞ்சிருச்சு." "யாரு பாத்தா?" "ரோஸ்." நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். உன் முகம் சுருங்கிப்போனது. பிறகுதான் குனிந்து அந்தக் கேள்வியைக் கேட்டாய். மறுநாளே பூட்டையும் போட்டுவிட்டாய்.

அந்தப் பூட்டு என்ன செய்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் நீ மாப்பிள்ளை ஜிப்பாவுக்கு அளவு கொடுக்கப் போயிருந்தபோது, ஏற்றின சரக்கோடு லோரி வாசலிலேயே நின்றதாம். டிரைவர் இரண்டு கிளாஸ் தே தாரிக் குடித்துவிட்டு மூன்றாவதற்குக் காத்திருந்தாராம். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை மறுபடியும் உன் தலைக்குள் இழுத்துப் பூட்டிக்கொண்டாய், அவ்வளவுதான்.

தொழிற்சாலைக்கு நீ எதற்கு என்று கேட்டால் என்னால் நிறையச் சொல்ல முடியும். மணியம் மாமா கொஞ்ச நாளாகக் காலை இழுத்து நடக்கிறார், அது திரையில் வராது. ஆலைகளில் புது மாதிரிக் கதவுகள் வருகின்றன, போய்ப் பார்த்துப் பேச ஆள் வேண்டும். நீராவியில் இன்னும் நீண்ட நாள் தாங்குகிற ஒரு கலவை செய்யப்போகிறேன் என்று பாலிடெக்னிக்கில் படிக்கும்போது என் காதைத் துளைப்பாய். அந்தப் பேச்சை நீ எடுத்தே வருடக்கணக்காகிறது. வளையம் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பதிலேயே உன் நாள் போய்விடுகிறது. அந்த வேலையைச் சிஸ்டம் எடுத்துக்கொண்டால் அந்த நேரம் உனக்குத் திரும்பி வருகிறது, தம்பி. உன்னிடமிருந்து அது எதையும் பிடுங்கவில்லை.

ஆனால் நீ கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நீ. போன் அடித்தால்தான் மதிப்பு, எழுந்து ஓடினால்தான் ஆம்பிளை என்று அந்தப் பள்ளி மண்டபத்திலேயே உன் மனதில் பதிந்துவிட்டது. உன்னைக் கூப்பிடாமலேயே ஒரு ஆலை பிழைத்துக்கொண்டதும் உனக்கு எங்கோ வலித்துவிட்டது. அந்த வலியை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். நீ அளவு நாடாவோடு நின்ற மாதிரி அந்தப் பிள்ளை நிற்கக்கூடாது என்றுதான் நான் இந்த வயதில் சண்டை போட்டு இதைக் கொண்டுவந்தேன். லாபத்துக்காகவும்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் அந்தப் பிள்ளைக்காகத்தான்.

அந்தப் பூட்டை என் பெயரிலும் திறக்கலாம். காலையில் காக் ரோஸ் நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திறக்கிற இடம் வரைக்கும் போனேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன். அதை நீதான் எடுக்க வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு தர்ஷினிக்குப் போன் செய்து, எங்கே போகலாம், எத்தனை நாள் போகலாம் என்று அவளையே சொல்லச் சொல்லு.

உன் அப்பா போன பிறகு, ஆலைகளுக்கு அவர் இடத்தில் நீ கிடைத்தாய். ஒரு ஆலைகூட நம்மை விட்டுப் போகவில்லை. எனக்கு அவர் இடத்தில் இன்றுவரை யாரும் கிடைக்கவில்லை. நீ எதற்கு என்று கேட்டாயே, தர்ஷினியிடம் போய்க் கேள்.

அம்மா